கண்ணாடியில் கட்டிய சிவப்புத் துணி

சிவனடி நிழலில் இளைப்பாறும் என் அன்பு மாப்பிள்ளைக்கு,

வண்டி நலமாக இருக்கிறது. அதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும். இரண்டாவதாகக் கேட்கப்படும் என் தங்கையும் நலம். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள். உங்கள் படத்துக்கு முன்னால் காப்பி வைக்காமல் அவள் இன்றும் குடிப்பதில்லை.

ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் வண்டியின் மேல் போர்த்திய சாக்கை நீக்குகிறேன். கைப்பிடியைப் பற்றி இடமும் வலமுமாக ஆட்டிப் பார்க்கிறேன். டேங்குக்குள் பெட்ரோல் அலம்புவது கேட்கிறது. ஆட்டுவதை நிறுத்திய பிறகும் அந்த ஓசை நிற்பதில்லை, மாப்பிள்ளை. அலம்புவது டேங்கிலா, என் காதிலா? ஆறு வருடமாக இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

ஒரே வாசலில் நமக்கு இரண்டு வீடுகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி. காலையில் கோயிலுக்கும் பனியன் கம்பெனிக்கும் நான் எடுத்துப் போவேன். மதியத்துக்கு மேல் அது உங்கள் தையல் யூனிட்டுக்கு உழைக்கும். அளவு காட்டும் முள் அதில் கிடையாது. உங்கள் காதுதான் அதற்கு முள். ஒருமுறை ஆட்டிவிட்டு, “முக்கா லிட்டருங்க, அவிநாசி போய்ட்டு வந்தர்லாம்” என்பீர்கள். ஒருநாளும் பிசகியதில்லை.

கருவறை விளக்கின் சுடரைப் பார்த்தே எண்ணெய் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நான் சொல்லிவிடுவேன். அதை வைத்தே என்னைச் சீண்டுவீர்கள். “ஏனுங்க மச்சான், வெளக்குல இருக்கற எண்ணெய் தெரியுது, டேங்குல இருக்கறது தெரியலீங்களா? சாமிக்கு ஒரு கண்ணு, வண்டிக்கு ஒரு கண்ணுங்களா?”

“பெட்ரோலுக்கு ஆரும் பதிகம் பாடி வெக்கலீங்க மாப்பிள்ளை, அதானுங்க.”

“போச்சாதுங்க மச்சான், நீங்களே ஒண்ணு பாடிருங்க.”

போச்சாதுங்க. பரவாயில்லை என்பதற்கு நம் பக்கத்துச் சொல். நான் எதைத் தவறவிட்டாலும் உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான்.

என் காது மந்தம் என்பதால்தான் ஒரு துணி ஏற்பாட்டைக் கொண்டுவந்தீர்கள். ஓட்டத்தில் எஞ்சின் இருமினால், டேங்கின் அடியிலிருக்கும் சிறு திருகை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். அடியில் தங்கிய ஒரு லிட்டர், அடுத்த பங்க் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படித் திருப்பியவர் உங்கள் யூனிட்டின் கட்டிங் வேஸ்ட் துணியில் ஒரு சிவப்புக் கீற்றை எடுத்து இடப்பக்கக் கண்ணாடியில் கட்ட வேண்டும். பெட்ரோல் போட்டவர் முதலில் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, அதன் பிறகே துணியை அவிழ்க்க வேண்டும். துணி இல்லாத வண்டியில் ரிசர்வ் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். எட்டு வருடம் நாம் இருவரும் ஒருவரையொருவர் நம்பியது இந்த ஒரு முழத் துணியில்தான்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் சிவனிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போன அந்தச் சித்திரையில் பிரதோஷத்தன்று பெட்ரோல் போட்டவன் நான். எனக்குப் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. “ஐயா, கொஞ்சம் நவுத்துங்க” என்றாள் பங்கில் நின்ற பெண். மாலையில் சன்னதியில் பாடவேண்டிய பதிகத்தின் நான்காம் பாட்டு நினைவுக்கு வராமல், அதன் முதற்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரம் தள்ளினேன், துணியை அவிழ்த்தேன், சொல் கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் கிளம்பிவிட்டேன். திருகைத் தொடவே இல்லை.

பனியனில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிப்பவன் என்று செக்கிங்கில் எனக்குப் பெயர். என் கையால் விட்ட ஒன்று என் கண்ணில் படவில்லை. திருகு ரிசர்விலேயே நின்றுகொண்டு, காப்பாற்றி வைக்கவேண்டிய அந்தக் கடைசி லிட்டரையும் சத்தமில்லாமல் செலவழித்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் நடுப்பகலில் வெட்டிய துணிகளின் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு குன்னத்தூர்ப் பக்கம் கிளம்பினீர்கள். அந்தப் பாரத்தோடு வண்டியை ஆட்டிப் பார்க்க முடியாது. கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். துணி இல்லை. மச்சான் பார்த்துக்கொண்டார் என்று எண்ணியிருப்பீர்கள்.

மரமே இல்லாத அந்தச் சாலையில் எஞ்சின் இருமியபோது உங்கள் விரல்கள் திருகைத் தேடியிருக்கும். அது ஏற்கெனவே திரும்பியிருப்பதை உணர்ந்த அந்தக் கணத்தில் என்ன நினைத்தீர்கள்? நான் கண்ணை மூடினால் உங்கள் முகம் வருவதில்லை. அந்த விரல்கள்தான் வருகின்றன.

செய்தி வந்து நான் ஓடிச் சேர்ந்தபோது புளியமரத்தடியில் உங்களைப் படுக்க வைத்திருந்தார்கள். எதிர்ப்புற டீக்கடை அம்மாள் என்னிடம் நடந்ததைச் சொன்னார்.

“ரொம்பத் தொலவு உருட்டிட்டு வந்தாப்புல இருந்துச்சுங்க. வேர்வை ஆறா ஊத்துச்சு. வண்டிய நெழல்ல நிறுத்திப்போட்டு, மூட்டைக்குள்ள கையை உட்டு ஒரு செகப்புத் துணிய உருவி, கண்ணாடியில கட்டுனாருங்க. அப்பறம் தண்ணி கேட்டாரு. நான் சொம்பக் கொண்டாறதுக்குள்ள சாஞ்சுட்டாருங்க.”

“ஏதாச்சும் சொன்னாருங்களா?”

“தனக்குத்தானே என்னமோ பேசிக்கிட்டாருங்க. மச்சான்னு மட்டும் காதுல உளுந்துச்சு.”

அதற்கு முன்னால் என்ன சொன்னீர்கள், மாப்பிள்ளை? வழக்கமான அந்தச் சொல்லா? அல்லது வாழ்நாளில் முதன்முறையாக வேறொன்றா? ஏற்கெனவே பழுதுபட்டிருந்த இதயம், என்றைக்கு வேண்டுமானாலும் நின்றிருக்கும் என்றார் மருத்துவர். என்றைக்கு வேண்டுமானாலும் என்பதில் அன்றைக்கு ஏன்? நிலையாமையைச் சொல்லும் பாடல்கள் எத்தனையோ எனக்கு மனப்பாடம். அந்தப் புளியமரத்தடியில் ஒன்றுகூட என் உதவிக்கு வரவில்லை.

அப்போது நான் செய்ததைக் கேளுங்கள். எல்லோரும் உங்களைச் சுற்றி நின்றபோது வண்டியருகே குனிந்து, திருகை ரிசர்விலிருந்து பழைய இடத்துக்குத் திருப்பினேன். கண்ணாடியில் நீங்கள் கட்டிய துணியை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டேன். அதன் பிறகே வந்து உங்கள் நெற்றியில் திருநீறு இட்டேன். அந்தத் துணி ஆறு வருடமாக என் திருநீற்றுப் பெட்டியின் அடியில் கிடந்தது. தினமும் அதற்கு மேலிருந்துதான் அள்ளிப் பூசிக்கொண்டேன்.

சென்ற வாரம் உங்கள் மகன் வந்தான். அவனுடைய புது வண்டியில் முள் இருக்கிறது. “மாமா, அப்பா வண்டியக் கேட்டு வெள்ளிக்கிழமை ஆள் வாறாங்க. குடுத்தரலாங்களா?” என்றான். கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓசை நின்றுபோகும். ஆனால் என் தங்கைக்கு இது ஒருநாளும் தெரியாமலே போய்விடும். அதைத்தான் நான் விரும்புகிறேன் என்று அறிந்தபோது என்மேலேயே எனக்கு அச்சம் வந்தது.

வியாழன் காலை பெட்டியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். திருகையும் துணியையும், உருட்டி வந்ததையும், தண்ணீர் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுவாள் என்று எண்ணினேன். திட்டினால் வாங்கிக்கொள்ளக் காத்திருந்தேன். அவள் அந்தத் துணியின் மடிப்பை விரலால் நீவினாள்.

“தண்ணி குடிச்சாருங்களா அண்ணா?”

“இல்ல அம்மிணி.”

அவள் எழுந்தாள். வாசலுக்கு வந்து சாக்கை விலக்கி, இடப்பக்கக் கண்ணாடியில் துணியைக் கட்டினாள். பழைய துணி, நூல் இற்றிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இது அவரு கட்டுனதுங்க. அவுக்கறதுக்கு நீங்க ஆருங்க?”

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. அன்று மதியம் எப்போதும்போல எனக்குச் சோறு போட்டாள். வண்டியைக் கேட்ட ஆளை வரவேண்டாம் என்று உங்கள் மகன் சொல்லிவிட்டான். ஏனென்று அவன் கேட்டான், அவனுக்கும் சொன்னேன். இதை நாலு பேர் படிக்க அச்சில் கொடுக்கட்டுமா என்று தங்கையிடம் கேட்டபோது, “அவருகிட்ட மொதல்ல சொல்லுங்க” என்றாள். சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் டேங்க் நிறையப் பெட்ரோல் போடுவேன். திருகை ஒருமுறைக்கு மூன்றுமுறை தொட்டுப் பார்ப்பேன். துணியை அவிழ்க்க மாட்டேன். அந்த உரிமை எனக்கில்லை. தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு குன்னத்தூர்ச் சாலையில் அந்தப் புளியமரத்தடிக்கு வருவேன். அவள் மடியில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும். அதை அவள் கையால் அங்கே ஊற்றும்வரை நான் வாய் திறக்காமல், எந்தப் பாட்டும் பாடாமல் நிற்பேன். இது சத்தியம்.

நீங்கள் கடைசியாகக் கூப்பிட்ட
உங்கள் மச்சான்