வெளியில் வாங்கிய கோதுமை

பெப்ரவரி 18, செவ்வாய்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. சைனா டவுனில் ஒரு சீன வைத்தியப் பெண்ணிடம் மனக்கவலைக்கு மருந்து வாங்கி, எனக்குச் சொல்லாமல் குடித்து வருகிறாள் என் மனுசி. இன்று அந்தப் பொதியைக் கண்டேன். பிரித்தால் கோதுமை, அதிமதுரம், காய்ந்த இலந்தைப்பழம். பலசரக்குக் கடைக்காரன் பெண்சாதி கோதுமை வாங்க சைனா டவுனுக்குப் போயிருக்கிறாள்!

கடைக்குப் போய் மூன்றையும் அள்ளி வந்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

“இந்தா, எல்லாம் எங்கட கடைச் சாமான். என்னட்டைக் கேட்டிருக்கலாமே?”

“ஓம், சாமான் இருக்கு. அந்த மனுசி நாடி பிடிச்சு, நாக்கைப் பார்த்து, ஏன் நித்திரை இல்லை, ஏன் அழுகிறாய் எண்டு கேட்டவா. நீங்கள் கேட்டனீங்களோ?”

“என்ன பாசையில கதைச்சனீ?”

“ரெண்டு பேருக்கும் அரைகுறைப் பிரெஞ்சு. கதைக்க அது காணும்.”

முன்பின் தெரியாத ஒருத்திக்கு அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லி அழுதிருக்கிறாள். வீட்டில் நான் என்ன மரமா?

இப்போது கீழே குசினியில் அந்த மருந்து கொதிக்கிற மணம் வருகிறது. நான் கொண்டுவந்த பைகளை அவள் தொடவே இல்லை. இறங்கிப் போய், ஏன் அழுகிறாய் என்று கேட்கலாம். இந்தக் கோபத்தோடு கேட்டால் அதட்டுகிற மாதிரித்தான் வரும்.