பாதிச் சாப்பாட்டில் எழுந்தது

தை 3, ஞாயிறு.

எனக்கு வாத்தியார் வேலை கிடைத்ததற்காக அப்பாவை நாகப்பட்டினத்தில் ஒரு போர்த்துகீசியக் குடும்பம் வீட்டு முன்னறையில் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்கார அம்மாளே வினிகரில் ஊறிய பன்றிக்கறியைப் பரிமாறினார். இரண்டு வாய் வைத்திருப்போம், எங்கள் ஊர் மிராசுதார் உள்ளே வந்தார். போன மாதம் கூலி உயர்வு கேட்டு அவர் வயலில் கொடி பிடித்த அதே அப்பா, எச்சில் கையோடு எழுந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மிராசுதார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உக்காருங்க, கறி ஆறிடும்" என்றார் அம்மாள்.

அப்பா உட்காரவே இல்லை. வெளியே வந்துவிட்டோம்.

பஸ்ஸில் வழிநெடுகத் திட்டினேன். "அந்தாளு வந்தா ஒனக்கு என்னப்பா? எதுக்கு எந்திரிச்ச?"

ஊர் வந்து இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீயுந்தானடா எந்திரிச்சு நின்ன."