ஃபிரிட்ஜைக் கெடுத்தவனுக்கு

ஜூன் 4

கிரீம் மறுபடியும் தண்ணீர் விட்டுவிட்டது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, உள்ளே கை வைத்தால் ஈரத்துணியைத் தொட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி. அவ்வளவுதான். எங்கள் கோகந்த் ஊர் வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? கேக் செய்து பிழைக்கிறவள் அடுப்பு கெட்டால்கூடச் சமாளிக்கலாம், ஃபிரிட்ஜ் கெட்டால் முடியாது.

தோலிப் சமாராவிலிருந்து போன் செய்தபோது சொன்னேன். மெக்கானிக்கைக் கூப்பிடு என்றார். ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கும் புருஷனுக்கு வீட்டுத் தொல்லை எல்லாமே ஒரு போன் தூரம்தான்.

ஜூன் 5

பக்கத்து வீட்டு முயஸ்ஸர் சொல்லி நோர்மத் வந்தான். இந்தப் பக்கத்துத் தெருக்கள் முழுக்க ஃபிரிட்ஜ் என்றால் அவன்தான். ஆண் இல்லாத வீடு, அதனால் அவன் வேலை பார்த்து முடிக்கும்வரை முயஸ்ஸரைக் கூடவே உட்காரச் சொன்னேன். பின்பக்கம் குனிந்து காது வைத்துக் கேட்டான். கேஸ் போய்விட்டதாம், கடைக்கு எடுத்துப் போக வேண்டுமாம்.

"கவலைப்படாத தங்கச்சி. புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்."

டீ குடித்தான், இரண்டு ரொட்டி தின்றான், தோட்டத்து ஆப்ரிகாட் பழம் நன்றாக இருக்கிறது என்றான். நல்ல மனுஷன் என்று பட்டது.

ஜூன் 9

ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. குளிர்கிறது. ஆனால் சத்தம்! முன்பு பூனை தூங்குவது போல ஓடும், இப்போது பருத்திக் காட்டில் டிராக்டர் போவது போல. கேட்டேன். புது கேஸ், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றான்.

ஜூன் 15

நாளை மறுநாள் ரானோ அக்கா மகள் கல்யாணம். நான்கு அடுக்கு கேக். ரானோ அக்கா வீட்டில் ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் இந்த ஊரில் பாதிக் கல்யாணம் நம்முடையது.

ஜூன் 18

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று விடிந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபோதே உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது, சனியன். கடையில் இருந்த ஐஸையெல்லாம் வாங்கி வந்து அடியில் கொட்டி, கிரீமைத் திரும்ப அடித்து, மண்டபத்துக்குக் கொண்டுபோய் அடுக்கி நிறுத்தினேன். நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தியைப் பிடித்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், மேல் அடுக்கு நழுவிப் பெண்ணின் வெள்ளை உடுப்பில் மார்போடு விழுந்தது.

யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்று அண்டிஜான் ஊரில் இருக்கும் முயஸ்ஸரின் தங்கைக்கே அது போய்ச் சேர்ந்துவிட்டது.

ரானோ அக்கா திட்டவில்லை. என்னைப் பார்க்காமல் மகளை உடுப்பு மாற்றக் கூட்டிக்கொண்டு போனாள். திட்டித் தொலைத்திருக்கலாமே.

ஜூன் 19

நோர்மத்தின் கடைக்குப் போனேன். வாசலில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவன் எழுந்துகூட நிற்கவில்லை.

"நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவத் தெறந்தா சைபீரியாவே வந்து உள்ள உக்காந்தாலும் குளிராது. பழுது ஃபிரிட்ஜில இல்ல தங்கச்சி, கையில."

சிரித்தார்கள். எல்லோரும். அதில் ஒருத்தன் என் மகளின் பள்ளிக்கூட வாத்தியார்.

வீடு வரும்வரை அழவில்லை. வந்த பிறகும் அழவில்லை. 

ஜூன் 22

தம்பி இல்ஹோம் மர்கிலானிலிருந்து வந்தான். அங்கே பழக்கிடங்கில் குளிர் இயந்திரம் பார்த்துக்கொள்கிறவன். ஃபிரிட்ஜைத் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான். பின்னால் இருந்த மோட்டாரில் கறுப்புப் பெயின்ட், அதைச் சுரண்டினால் துரு.

"அக்கா, இது உன்னோட கம்ப்ரசரே இல்ல. உன்னுது நல்லா ஓடிட்டு இருந்திருக்கும், கேஸ் மட்டுந்தான் போயிருக்கும். அதக் கழட்டிக்கிட்டு, சாகப் போறத எடுத்து வெச்சிருக்கான்."

அதாவது ஃபிரிட்ஜின் நெஞ்சையே பிடுங்கிக்கொண்டு, வேறு எதையோ திணித்து, என் ரொட்டியையும் தின்றுவிட்டு, என் கை பழுது என்றிருக்கிறான்!

ஜூன் 24

தெருப் பெரியவரிடம் போனோம். பொறுமையாகக் கேட்டார். அக்காவுக்குத் தம்பி சாட்சி சொன்னால் எடுபடாது மகளே என்றார். அப்புறம் அவன் மசூதிக்குக் குளிர்பெட்டி இலவசமாகப் பார்த்துக் கொடுத்த கதையைச் சொன்னார்.

தோலிப் போனில், "விட்டுத் தொல. அல்லா பாத்துக்குவான்" என்றார்.

அல்லாவுக்கு ஆயிரம் வேலை. இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 6

குரலை மாற்றிக்கொண்டு நோர்மத்துக்குப் போன் செய்தேன். நம் பக்கத்து ஊர் பக்தாத் தாண்டி ஒரு கிராமம், அவசரம், ஃபிரிட்ஜ் நிறையக் கல்யாண இறைச்சி இருக்கிறது, உடனே வாருங்கள் என்றேன். பகல் வெயிலில் வேனை எடுத்துக்கொண்டு போனான். அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடே கிடையாது. இன்று ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூலை 11

இரண்டாம் தடவை போன் செய்தபோது குரலைக் கண்டுபிடித்துவிட்டான். "வெயில் ஏறிப்போச்சா தங்கச்சி, ஃபிரிட்ஜுக்குள்ள தலைய விட்டுட்டுப் படு" என்றான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தோலிப் வரைக்கும். அவர் கத்தியதை இங்கே எழுதப் போவதில்லை.

நான்தான் கோமாளி ஆனேன். அவனுக்கு என்ன நஷ்டம்? கொஞ்சம் பெட்ரோல்.

ஜூலை 12

இப்படிச் சில்லறையாக வஞ்சம் தீர்ப்பதில் அர்த்தமில்லை. அவனுக்கு எது வலிக்கும்? யோசி, ஹோஸியத். யோசி.

ஆகஸ்ட் 20

கேக் கேட்டு ஒருவரும் வரவில்லை. முயஸ்ஸர் வீட்டு ஃபிரிட்ஜும் கெட்டுவிட்டது. நோர்மத்தைக் கூப்பிட அவளுக்கு இப்போது பயம். அதோடு அவள் புருஷனும் ரஷ்யாவில், மாமனாரும் செத்துவிட்டார். வேற்று ஆண் ஒருத்தன் வந்தால் கூட உட்கார ஆள் தேட வேண்டும். "இதப் பாக்கிற பொம்பள ஒருத்தி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று சும்மா பெருமூச்சு விட்டாள். பாலை என் வீட்டுக் கிணற்றில் இறக்கி வைக்க வந்தவள் அவள்.

பால் தூக்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது.

இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் ஆண்கள் இருக்கிறார்கள்?

செப்டம்பர் 3

தொழிற்பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். குளிர்சாதனப் பிரிவு. வகுப்பு முழுக்க மீசை முளைக்காத பையன்கள். நான் தையல் வகுப்புக்கு வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்து ஒருத்தன் எழுந்து வழி காட்டினான். வாத்தியார் பெயர் பாக், கொரிய வம்சம், அறுபது தாண்டியவர். எதற்கு வந்தாய் என்று கேட்டார்.

"ஒருத்தனோட பொழப்பக் கெடுக்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உட்கார் என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 17

செம்புக் குழாயைப் பற்றவைக்கக் கற்றுக்கொள்கிறேன். தீ நீலமாக வரும்போதெல்லாம் நோர்மத்தின் மூக்கு எதிரே தெரிகிறது. இன்று மூன்று குழாயைப் பொசுக்கிவிட்டேன். பாக் வாத்தியார் வந்து பார்த்தார். அவன் யாராகவும் இருக்கட்டும், அவன் இந்தக் குழாய்க்குள் இல்லை என்றார்.

நவம்பர் 30

நான் இதைப் படிப்பதைத் தோலிப்புக்குச் சொல்லிவிட்டேன்.  ஊர் சிரிக்கும் என்றார். ஊர் ஏற்கெனவே சிரித்துவிட்டது, இனிச் சிரிக்க அதனிடம் பாக்கி எதுவும் இல்லை என்றேன்.

ஜனவரி 22

என் ஃபிரிட்ஜை நானே திறந்தேன். அந்தத் துருப்பிடித்த பிசாசைக் கழற்றி எடுத்து, மையத்தில் கிடைத்த நல்லதொன்றைப் பொருத்தினேன். எந்த இடத்தில் வெட்டி, எந்த இடத்தில் அவசரமாக ஒட்டியிருக்கிறான் என்று இப்போது படிக்கத் தெரிகிறது. அசிங்கமான ஒட்டு. திருடியது போகட்டும், திருடின வேலையையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

மாலையில் உள்ளே தட்டில் வைத்த தண்ணீர் உறைந்துவிட்டது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 25

நவ்ரூஸ் புத்தாண்டு விருந்து முடிந்து, ஆகஸ்டிலிருந்து கெட்டுக் கிடந்த முயஸ்ஸர் வீட்டு ஃபிரிட்ஜைச் சரி செய்தேன். கதவு ரப்பர்தான். அவளுக்கு வாய் நீளம். அந்த வாய் எனக்கு வேண்டும்.

ஏப்ரல் 29

முயஸ்ஸரின் வாய் வாழ்க. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீடு. அந்த வீட்டுப் பெண்கள் ஆள் துணை தேட வேண்டாம், மாமியார் முறைக்க மாட்டாள், புருஷனுக்குப் போன் போட்டு அனுமதி கேட்க வேண்டாம். நான் போகிறேன், அவர்கள் தலைமுக்காடு இல்லாமலே பக்கத்தில் நின்று பேசுகிறார்கள், வேலை முடிகிறது. போகிற வீட்டிலெல்லாம் கழற்றிய சாமானை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன். ஏன் என்று கேட்டால் மட்டும் என் கதையைச் சொல்கிறேன். எல்லோருமே கேட்கிறார்கள்.

மே 18

வழியில் நோர்மத்தைப் பார்த்தேன். வேனை நிறுத்தி, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல, கை அழுக்காகுமே" என்றான். "கை ஏற்கெனவே பழுதுதானே அண்ணே" என்றேன்.

போய்விட்டான். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று வீடு வரும்வரை நடையே வேறு மாதிரி இருந்தது எனக்கு.

ஜூன் 30

நோர்மத்தின் கடை மூடியிருக்கிறது. பூட்டில் தூசி.

ஜூலை 8

வேனை விற்றுவிட்டானாம். ரஷ்யாவுக்குப் போகப் பார்த்தானாம், பழைய வழக்கு ஏதோ இருக்கிறது, எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முயஸ்ஸர் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தாள். நான் சந்தோஷப்படவில்லை என்று அவள் நினைத்திருந்தால், தப்பு. பட்டேன். தர்பூசணி வெட்டி அவளுக்கும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2

முதுகு விட்டுப் போகிறது. ஐந்து மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. கேஸ் உருளை, கருவிப்பெட்டி, சில நாள் முழு ஃபிரிட்ஜ். தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று சந்தையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

வாசலில் நோர்மத்.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தூக்குவதற்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன் என்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை நான். டீ கொடுக்கவில்லை. வெயிலில் நிற்க வைத்தேன்.

"என் ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்தத என்ன பண்ணின?"

"மீன் கடைக்காரனுக்கு வித்துட்டேன்."

"எதுக்கு என்னோடத?"

 "நீ ஒண்ணும் கேக்க மாட்டேன்னு நெனச்சேன். வீட்ல ஆம்பள இல்ல."

இதை எத்தனையோ தடவை நானே எனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவன் வாயால் கேட்டபோது கதவுப் பிடியை எட்டிப் பிடித்தேன். கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. வியாழக்கிழமை தெருப் பெண்கள் முறை வைத்துக் கூடும் விருந்து ரானோ அக்கா வீட்டில், அங்கே வந்து இதை இப்படியே சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை குறையக் கூடாது, சொன்னால் வேலை என்றேன்.

"ஆம்பள போற எடமா அது?" என்றான்.

"கதவுக்கு வெளிய நின்னு சொல்லு."

ஆகஸ்ட் 9

வந்தான். சொன்னான். நடைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எல்லாவற்றையும். திருடினது, பழையதை வைத்தது, கடை வாசலில் என்னைப் பற்றிச் சொன்னது.  ஒரு வருஷமாக நான் இதற்காகத்தான் மூச்சு விட்டேன். அது முடிய ஒரு கோப்பை டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

அவன் போன பிறகு ரானோ அக்கா என் பக்கம் வந்து உட்கார்ந்தாள். கேக் விழுந்த நாளிலிருந்து என்னோடு பேசாதவள். பேரனுக்கு விசேஷம் வருகிறது, ஒரு கேக் செய்து தருவாயா என்றாள்.

"கேக்க விட்டுட்டேன் அக்கா" என்றேன். "உங்க ஃபிரிட்ஜ் எப்படி ஓடுது?"

சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள்.

ஆகஸ்ட் 10

தோலிப் போனில், உனக்குப் பைத்தியமா, திருடனையா வேலைக்கு வைப்பாய் என்றார். எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மாற்றிப் பேசக் கூடாது: அவனை இரக்கப்பட்டு வைக்கவில்லை. தினமும் என் பின்னால் படி ஏறட்டும் என்றுதான் வைத்தேன்.

ஆகஸ்ட் 13

முதல் வேலை. நான்காம் மாடி. நான் வெறுங்கையோடு முன்னால் ஏறினேன். கேஸ் உருளையும் பெட்டியுமாக நோர்மத் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. நான் நிற்கவில்லை.

கதவைத் திறந்தது புதுசாகக் கல்யாணமான பெண். இடுப்பில் குழந்தை. என்னைத் தாண்டி அவனைத்தான் பார்த்தாள். "வாங்கண்ணே, ஃபிரிட்ஜ் இந்தப் பக்கம்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவன் சொன்னான்.

"நான் இல்லம்மா. மெக்கானிக் அவங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். உருளையை எங்கே இறக்கி வைக்கட்டும் என்று கேட்டான். நிழலாக ஒரு இடம் பார்த்துக் காட்டினேன்.