ரத்தோட்டை இறக்கத்துச் சிவப்பு விளக்கு

மச்சான்,

நேற்று மாத்தளையில் என் மருமகனின் காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும், பெட்டரிக்குச் சார்ஜ் ஏறாததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் அது அணையவில்லை. கராஜுக்கு விட்டோம். இந்தக் காரில் கரண்ட் எடுக்க டைனமோ கிடையாதாம், ஆல்டர்னேட்டராம். கராஜ்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, மாற்றினால் சரி என்றார். மருமகன் தேநீர் குடிக்கப் போய்விட்டான். நான் அந்த விளக்கைப் பார்த்தபடியே இருந்தேன். நீ மௌத்தாகி, உன்னை மண்ணில் வைத்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை.

நாம் இளைஞர்களாக இருந்த காலத்தில் நான் மாத்தளை டவுனில் வாடகைக் கார் வைத்து ஹயர் ஓடிக்கொண்டிருந்தேன். உனக்கு உக்குவளையில் பெட்டரிக் கடை. தலைப்பிரசவத்துக்காக உன் மனைவி ரத்தோட்டைக்கு மேலே தாய்வீட்டில் இருந்தாள். இரத்தம் போகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆள் வந்து சொன்னதும், கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வாசலில் நின்ற என் காரில் ஏறினாய்.

போகும்போது காரில் ஒரு குறையும் தெரியவில்லை. அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அவள் தாயான மாமியும் ஏறி, ஸ்டார்ட்டரை அழுத்தியபோதுதான் பெட்டரி செத்துக் கிடப்பது தெரிந்தது. ஊர்க்காரர்கள் தள்ளி எஞ்சினை எழுப்பினார்கள். ஆனால் சிவப்பு விளக்கு அணையவில்லை. மழை கொட்டியது. மத்தியானமே பொழுது மங்கி மம்மலாகி, பாதையைப் பனி மூடியிருந்தது. லைட்டும் வைப்பரும் போட்டதும் எஞ்சின் திணறத் தொடங்கியது. இறக்கம்தானே, எப்படியாவது உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நான் நினைத்தேன்.

நீ என் தோளைத் தொட்டாய். “ஓரமா நிப்பாட்டு மச்சான். எஞ்சினை மட்டும் நிப்பாட்டாத.”

பின்னால் அவள் முனகிக்கொண்டிருந்தாள். மாமி ஓதிக்கொண்டிருந்தார். நான் அக்சிலரேட்டரை மிதித்தபடி இருக்க, நீ பொனட்டைத் திறந்தாய். பெல்ட்டை அழுத்திப் பார்த்தாய், இறுக்கமாகத்தான் இருந்தது. டைனமோவின் வயர்களைக் கழற்றி, உன் பையிலிருந்த பல்பை அதில் பிடித்தாய். பல்ப் பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் டைனமோவில் கரண்ட் பிறக்கிறது, பெட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. வயர்களைத் திரும்ப மாட்டிவிட்டு, எஞ்சினுக்குப் பின்னால், டைனமோவையும் பெட்டரியையும் இணைக்கும் கட்-அவுட் பெட்டியின் மூடியைக் கழற்றினாய். கரண்ட் வந்ததும் தானாக ஒட்டிக்கொள்ள வேண்டிய தகடு, ஒட்டாமல் விலகி நின்றது. விரலால் அழுத்தினாய். என் முன்னால் சிவப்பு விளக்கு அணைந்தது. விரலை எடுத்தாய். மறுபடி எரிந்தது.

தகடு விலகாதபடி ஒரு நெருப்புக்குச்சியைச் செருகிவிட்டு வா என்றேன். நீ தலையாட்டி மறுத்தாய். வளைவுகளில் எஞ்சின் வேகம் குறையும்போது தகடு விலகாவிட்டால், கரண்ட் திரும்பி ஓடி டைனமோவை எரித்துவிடும் என்றாய். பிறகு பொனட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கட்டிவிட்டு, வெளியே ஃபுட்போர்டில் ஏறி நின்றாய். ஒரு கையால் கதவைப் பிடித்தாய், மற்றதைப் பொனட்டுக்குள் விட்டாய். “போ.”

அப்படியேதான் இறங்கினோம். வளைவு வரும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டு விரலை எடுப்பாய், வேகம் பிடித்ததும் அழுத்துவாய். ஒரு பக்கம் பள்ளம். மழைத் தண்ணீர் உன் முகத்தில் அறைந்தது. கண்ணைத் துடைக்கக்கூட உனக்குக் கை இல்லை. பாதை வழுக்கி ஒருமுறை டயர் விளிம்புவரை போனது. நீ குதித்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ அசையவில்லை.

பாதி வழியில் முனகல் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக நீ கேட்டாய். “அவ பேசுறாளா?”

நான் திரும்பிப் பார்த்தேன். மாமியின் மடியில் அவள் தலை துவண்டு கிடந்தது. மாமிதான் சொன்னார். “பேசுறா மருமகன். நீங்க அதப் பாருங்க.”

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை நீ ஒன்றும் கேட்கவில்லை.

அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போன பிறகுதான் உன் கையைப் பார்த்தேன். சூட்டில் விரல்கள் கொப்பளித்திருந்தன. குழந்தை தங்கவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவளும் இல்லை என்றார் டாக்டர். அந்தச் சின்ன உடலை நீ கைகளில் ஏந்தி, அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனபோது நானும் கூட வந்தேன்.

சில நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு என் காரின் கட்-அவுட்டைக் கழற்றி, கரி பிடித்த முனைகளை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாய். மாமி சொன்ன பொய்யைப் பற்றி உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் சுற்றிச் சுற்றி வந்தேன். நீ தலை நிமிராமலே சொன்னாய்.

“மாமி பொய் சொன்னது எனக்குத் தெரியும் மச்சான். அவ பேசியிருந்தா நீ திரும்பிப் பாத்திருக்க மாட்ட.”

அரத்தை வைத்துவிட்டு, முனையில் ஒட்டியிருந்த கரியை ஊதினாய்.

“உள்ள பாஞ்சு அவ முகத்தப் பாக்கணும் போலதான் இருந்திச்சி. கைய எடுத்தா கார் நிண்டுரும். அதான் பாக்கல்ல.”

அவள் போய்விட்டாளோ என்ற நினைப்போடுதான் அந்த மிச்ச வழி முழுவதும் நீ வெளியே நின்றிருக்கிறாய். இது எனக்கு அன்றுதான் விளங்கியது. அதற்குப் பிறகு அவளும் நீயும் நான்கு பிள்ளைகளை வளர்த்தீர்கள். அந்த நாளைப் பற்றி நாம் திரும்பப் பேசியதேயில்லை.

போன வருஷம் கண்டி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு ஒப்பரேஷன். உள்ளே ஏதோ தவறிவிட்டது என்பது நர்ஸ்மார் ஓடுவதைப் பார்த்தே தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அவளிடம் போய்விட மனம் அடித்துக்கொண்டது. இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். கதவருகே நின்ற எனக்கு உன் குரல்தான் கேட்டது: “கைய எடுத்தா கார் நிண்டுரும்.” நான் அவள் முகத்தைப் பார்க்காமலே திரும்பி, ஆள் தேடித் தெருவில் இறங்கினேன்.