சாப்பிடாமல் பார்த்த மூன்று இத்தாலியக் கடைகள்

பிப்ரவரி 9, ஞாயிறு. இரவு 10.50. போன கடைகள் மூன்று.

எனக்குப் பார்த்திருக்கும் பெண் சுகன்யா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். நான் காபி மெஷின் சர்வீஸ் செய்யும் இத்தாலியக் கடைகளைக் காட்ட, செங்கம் ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். முதல் கடையில் எஸ்பிரசோ, அடுத்ததில் பாஸ்தா. மூன்றாவது, ஓர் இத்தாலியரே நடத்தும் சீஸ் கடை. எல்லா இடத்திலும் அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள். நான் பாய்லர் பிரஷரை விளக்கிக்கொண்டே இருந்தேன்.

சீஸ் துண்டையும் அவள் தள்ளி வைத்ததும் கடைக்காரர் முன்னாலேயே கத்திவிட்டேன். "பிடிக்கலன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு ரெண்டு பேர் டைமும் வேஸ்ட்?"

"இன்னிக்கு பிரதோஷங்க. சாமி பாக்கற வரைக்கும் சாப்பிட மாட்டேன். நேத்து போன்ல சொன்னேன், சரி சரின்னீங்க." கொஞ்சம் சிரித்தாள். "மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்குமாங்க உங்க காதுக்கு?"

சொன்னாள்தான். அப்போது நான் ஏதோ ஒரு ஸ்பேர் பார்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்கு ஆட்டோ ஏறும்போது, "வீட்ல கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"உங்க இஷ்டம்," என்றேன். அவளுக்கு அது, நான் வேண்டாம் என்று சொன்ன மாதிரியே கேட்டிருக்கும். எனக்கோ அவளைப் பிடித்திருக்கிறது. நினைக்க நினைக்கக் கூசுகிறது.

நாளைக்கு:

1. காலையில் நானே போன் செய்ய வேண்டும். அம்மாவை விட்டுப் பேசவைக்கக் கூடாது.
2. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். காரணம் சொல்லக் கூடாது.
3. பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.
4. அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. வேண்டாம் என்று சொன்னாலும்.