ஐந்து வீட்டுத் திறப்பு

பெப்ரவரி 9
மகள் கேசிகாவுக்கு இங்கே பலேர்மோ கலைக்கல்லூரியில் பரீட்சை. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒல்லாந்தர் ஆட்களை வரைந்த மாதிரி ஒருவரை வரைய வேண்டுமாம். எங்கட ஊரில் கோட்டையைக் கட்டிவிட்டுப் போன அதே டச்சுக்காரர்தான். உடுப்பு, இருக்கிற விதம், கையில் உள்ள சாமான், இவற்றைப் பார்த்தவுடன் ஆள் எந்தத் தரம் என்று தெரிய வேண்டும். என்னைத்தான் வரையப் போகிறாள். அதுவும் வேலைக்குப் போடும் நீல மேலங்கியோடு! "அதுதானேயம்மா உண்மை" என்கிறாள். கண்காட்சிக்கு, நான் வீட்டுவேலை செய்யும் பொலித்தெயாமாப் பக்கத்துச் சின்யோராவும் வருவா. பதினெட்டு வருடமாய் அவவின் குசினியில் நின்ற கோலத்திலேயே சுவரிலும் தொங்குவதோ? மாட்டன் எண்டா மாட்டன்.

பெப்ரவரி 12
கூறைச்சேலை கட்டி, பக்கத்து வீட்டுச் சிவமலரின் பதக்கச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டு, இரண்டு மணித்தியாலம் இருந்தேன். படத்தைப் பார்த்தால் நகைக்கடைப் பொம்மை. கேசிகா தூரிகையைக் கழுவப் போய்விட்டாள். அதுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

பெப்ரவரி 13
கிழித்துவிட்டாள். நான்தான் கிழிக்கச் சொன்னேன்.

பெப்ரவரி 16
கதைத்துத் தீர்த்தாச்சு. பருத்திச் சேலை, நகை இல்லை.
"கையில என்ன பிடிக்கிறியள்? ஒல்லாந்துச் சீமாட்டிகள் விசிறி, கடிதம், புத்தகம் எண்டு ஏதாவது பிடிப்பினம்."
என்னிடம் என்ன இருக்கு? வெறுங்கையைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு எழும்பிப் போய்க் கைப்பையிலிருந்து, வேலை வீட்டுக் கதவுகளைத் திறக்கும் திறப்புக்கோர்வையை எடுத்து வந்தேன். பலேர்மோவில் ஐந்து வீட்டுத் திறப்பு! பெற்ற பிள்ளைகளுக்கே கொடாததை எனக்குத் தந்திருக்கிறார்கள். இன்றுவரை ஒரு தேக்கரண்டி குறைந்ததில்லை.
கேசிகா துள்ளினாள். "அம்மா, அந்தக் காலத்தில அங்கை இடுப்பில திறப்பு தொங்கவிடுறது வீட்டுக்காரிதான்!"
"பின்னை, என்னை ஆரெண்டு நினைச்சனீ?" என்றேன்.

மார்ச் 1
படம் கண்காட்சிச் சுவரில் ஏறிவிட்டது. நல்லாய்த்தான் இருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்று. தன் வீட்டுத் திறப்பை ஊருக்குக் காட்டிப்போட்டன் எண்டு சின்யோரா அதைத் திருப்பிக் கேட்டால்? நான் ஏன் யோசிக்காமல் செய்தன்?

மார்ச் 3
சின்யோரா வந்தா. படத்தின் முன் நின்றா, நின்றுகொண்டே இருந்தா. கூட வந்த சிநேகிதி, "இந்தச் சீமாட்டி யார்?" என்று கேட்டா. சின்யோரா கண்ணாடியைப் போட்டு, விரலைக் கிட்டக் கொண்டுபோனா.
"இந்தப் பெரிய பித்தளைத் திறப்பு என்னுடைய வீட்டினது" என்றா, முகமெல்லாம் சிரிப்பாய்.

மார்ச் 5
போன் போட்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறா. மற்ற நாலு சின்யோராக்களும் ஞாயிற்றுக்கிழமை வருகினமாம், தங்கட திறப்பு எது எண்டு பார்க்க.