அம்மா சுட்ட கல்

கல்லும் கையுமாகத் திரிந்த என் அண்ணாவுக்கு,

உன் கல்லை அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். இதை முதலில் சொல்லாமல் வேறெதைச் சொன்னாலும் நீ என்னை மன்னிக்க மாட்டாய். எழுந்து வந்து குதிக்க முடியாத இடத்தில் இருக்கிறாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பொறுமையாகக் கேள்.

நீ கண்ணை மூடிய மழைக்காலம் முடிந்ததும் கரிச் சுரங்க ஆபீசில் உன் மேஜையைக் காலி செய்தார்கள். கண்ணாடி பீரோவில் நீ வைத்திருந்த கறுப்புக் கல்லையும் எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தார் உன் அதிகாரி. கூப்பிட்டார்கள் என்றதும், கரியின் சாம்பலைச் சோதிக்கும் என் லேபிலிருந்து நான் போட்டது போட்டபடி ஓடியிருந்தேன்.

"இது மினரலே இல்லம்மா. எக்ஸ்ரே எடுத்தா ஒரு கோடுகூட விழல. படிகம் இல்லாதது மினரல் ஆகுமா? ஏதோ உலையில உருகின கசடு. உங்க அண்ணன் பாவம், ஆசைப்பட்டுட்டாரு" என்றார். அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைத் திட்டியிருந்தால்கூடப் பேசாமல் வந்திருப்பேன்.

"கசடு கதிர் வீசுமா சார்?" என்று கேட்டேன். கறுப்புத் தாள் சுற்றிய போட்டோ பிலிமின் மேல் அதை வைத்துப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாயே, பிறகு பிலிமைக் கழுவியபோது வெளிச்சமே படாமல் கல்லின் உருவம் பதிந்திருந்ததே, அதையும் சொன்னேன். "யுரேனியம் கொஞ்சம் இருந்துட்டுப் போவட்டும். நாம கரி எடுக்க வந்தவங்க" என்று பீரோவைப் பூட்டினார்.

சும்மா விடுவேனா? நீ செய்த சோதனைகளையெல்லாம் நானும் செய்தேன். மெருகில்லாத பீங்கானில் உரசினால் செம்பழுப்புக் கோடு. கத்தி முனையால் கீறினால் அசையவில்லை. உடைந்த முகம் பாட்டில் சில்லைப் போல வளைந்து, பிசின் தடவியது மாதிரி மினுங்குகிறது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். எல்லாம் நீ சொன்ன சமார்ஸ்கைட் என்ற மினரலுக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

எக்ஸ்ரேயில் ஏன் கோடு விழவில்லை என்பதையும் நீதானே சொன்னாய்? உள்ளே இருக்கும் யுரேனியத்தின் கதிரே காலங்காலமாக அந்தக் கல்லின் அணு அடுக்கைக் கலைத்துவிட்டது, நன்றாகச் சுட்டால் அடுக்கு திரும்ப வரும் என்பாய். "அப்ப சுட்டுப் பாரேன்" என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அபிரகம் வெட்டிய மைக்கா குழியில் கிடைத்த ஒரே கல், வெடித்துவிட்டால் என்ன செய்வது என்பாய். ஊரோடெல்லாம் வாதாடிய நீ அதற்கு மட்டும் ஏன் பயந்தாய் அண்ணா?

அம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. கல்லைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு நான் ஷிப்டுக்குப் போயிருந்தேன். தப்பு என்னுடையதுதான். இந்த ஊரில் கறுப்பாக எது கிடந்தாலும் அது அடுப்புக்குத்தானே?

"என்னா கரிடி வாங்கியாந்திருக்க? காலையிலேருந்து ஊதிக்கினே இருக்கேன், ஒரு துண்டு மட்டும் எரியவே மாட்டங்குது!" என்று என்னை வரவேற்றாள்.

இடுக்கியால் வெளியே எடுத்தேன். யுரேனியம் ஆயிற்றே என்று அன்றைய குழம்பைக் கொட்டினேன், அடுப்புச் சாம்பலைத் தனியாக அள்ளினேன். என்னவென்று புரிந்ததும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம் புள்ளயோட கல்லா அது? ஐயோ, நானே கொள்ளி வச்சிட்டேனே!" அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். கல் ஆறியதும் பார்த்தேன், ஓரத்தில் ஒரு சில்லு தெறித்திருந்தது. அதோடு அழுகை நின்றுவிட்டது. சுட்டாகிவிட்டது, இனி பயப்பட என்ன இருக்கிறது?

சில்லை எடுத்துக்கொண்டு மெட்ராசுக்கு ரயிலேறினேன். எக்ஸ்ரே கருவி இருக்கும் ஒரு கல்லூரியில் காத்துக் கிடந்து பேராசிரியரைப் பார்த்தேன். படம் எடுத்துவிட்டு அவர், "நல்லா சுட்டிருக்கீங்களே, எந்த உலை?" என்றார். "எங்கம்மா அடுப்பு சார்" என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. படத்தில் கோடுகள் விழுந்திருந்தன அண்ணா, சீப்புப் பல் மாதிரி, வரிசையாக!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ வைத்த பெயர் தப்பு. அது சமார்ஸ்கைட் இல்லை, அதன் பங்காளி, யூக்சனைட் என்றார் பேராசிரியர். நையோபியம், டைட்டானியம், அரிய மண் தனிமங்கள், யுரேனியம் எல்லாம் கூடிக் குடியிருக்கிற ஆக்சைடு. விருந்தாளியை வரவேற்பது என்று அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் பொருளாம். எல்லா ஜில்லாக்காரரும் வந்து தங்கியிருக்கும் நம் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கு ஏற்ற கல்தான்.

"செத்தவன் வச்ச பேரு, அதுவே இருக்கட்டும்டி" என்று அம்மா கெஞ்சினாள். முடியாது என்றேன். நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். உனக்குப் பெயரைவிடக் கல் பெரிது.

படத்தோடு உன் அதிகாரியிடம் போனேன். "அப்ப உங்க அண்ணன் சொன்னது தப்புதானேம்மா?" என்றார், ஒரு சந்தோஷத்தோடு. "பேரு தப்பு சார். மினரல்னு சொன்னது தப்பில்ல. அதோட எடத்தத் திருப்பிக் குடுங்க" என்றேன். பார்க்கலாம் என்றார். உன் கல் இருந்த இடத்தில் இப்போது ஏதோ விளையாட்டுப் போட்டிக் கோப்பை நிற்கிறது.

நாளையும் போவேன். அவர் முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கம் போய் நிற்பேன். அந்தக் கோப்பை நகரும்வரை விடமாட்டேன், இது சத்தியம். லேபிளை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். பெயர், யூக்சனைட். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் நீ. அதற்குக் கீழே நானாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சுட்டுக் கொடுத்தவர், அம்மா.

கொள்ளி வைத்தேன் என்று அவள் இனி ஒரு நாளும் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
உன் தப்பைச் சொன்னாலும் உன்னை விட்டுக்கொடுக்காத
உன் தங்கை கமலா